உன் இடம் எங்கே? – லொரான் கான்தேயின் படங்களைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

பிரெஞ்சு இயக்குநர் லொரான் கான்தே 2024 ஏப்ரல் 25 அன்று, தமது 63ஆம் வயதில், பாரிசில் காலமானார். முதலில் தொலைக்காட்சிக்காக எடுத்த ஒன்றையும் சேர்த்து, அவர் விட்டுச்சென்ற முழுநீளப் படங்கள் ஒன்பதுதான். ஒரு மாதத்து வார இறுதிகளில் அனைத்தையும் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் ‘சமூக அக்கறையுள்ள இயக்குநர்’ என்ற அடைமொழியை நம்பி, கோஷத்தையோ கண்ணீரையோ எதிர்பார்த்து உட்காருகிறவர்கள் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள். அவர் படங்களில் வில்லன் என்று யாரும் கிடையாது, உரை நிகழ்த்தும் நாயகனும் கிடையாது. ஓர் அறையில் சிலர் வேலை செய்துகொண்டோ வாதாடிக்கொண்டோ இருப்பார்கள். அந்த அறையில் யார் எங்கே நிற்கிறார், யாருக்குப் பேசும் உரிமை இருக்கிறது என்பதிலேயே படத்தின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கும். ஆகவே எந்த வரிசையில் பார்ப்பது, பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

முதற்படி: அவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாழ்க்கை வரலாற்றை நீட்டத் தேவையில்லை; மூன்று செய்திகள் போதும். முதலாவது, மேற்குப் பிரான்சின் தெ-செவ்ர் மாவட்டத்திலுள்ள மெல் என்ற சிற்றூரில் 1961 ஏப்ரல் 11 அன்று பிறந்த கான்தேயின் பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். பள்ளிக்கூடத்தைக் கோயிலாகவோ சிறைச்சாலையாகவோ காட்டாமல், ஒரு பணியிடமாக அவரால் பார்க்க முடிந்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டாவது, பாரிசின் ஈதெக் திரைப்படக் கல்லூரியில் 1980களின் நடுவில் படித்தபோது அவருக்குக் கிடைத்த நண்பர்கள். ரொபேன் கம்பியோ, டொமினிக் மோல், ஜில் மர்ஷான் ஆகியோர் பின்னாளில் தத்தம் பெயரில் அறியப்பட்டவர்கள். தொடக்கத்தில் ஒருவர் எழுத, இன்னொருவர் படம்பிடிக்க, மற்றொருவர் படத்தொகுப்பைப் பார்த்துக்கொள்ள என்று மாறிமாறி உழைத்த கூட்டம் அது. குறிப்பாகக் கம்பியோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கான்தேயின் முக்கியமான படங்களில் திரைக்கதையிலும் படத்தொகுப்பிலும் அவர் கை இருக்கிறது. இந்தக் கட்டுரையின் இறுதியிலும் அவர் வருவார்.

மூன்றாவது, ஆவணப்பட அனுபவம். போஸ்னியப் போரில் சராயேவோ நகர் முற்றுகையிடப்பட்டபோது அங்கே பணியாற்றிய போர்ச் செய்தியாளர்களைப் பற்றி மார்செல் ஒஃபுல்ஸ் எடுத்து 1994இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் கான்தே உதவி இயக்குநராக இருந்தார். நடப்பதைக் கலைக்காமல் பார்ப்பது, பேசுகிறவரைப் பேசவிட்டுக் காத்திருப்பது என்ற பழக்கம் அவருடைய புனைவுப் படங்களிலும் கடைசிவரை நீடித்தது.

இரண்டாம் படி: முதலில் தொழிற்சாலைப் படத்தைப் பாருங்கள்

கான் திரைவிழாவில் விருது வாங்கிய ‘தி கிளாஸ்’ படத்திலிருந்துதான் பெரும்பாலோர் தொடங்குவார்கள். அதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முதலில் பார்க்கவேண்டியது 1999இல் முடிக்கப்பட்டு 2000 ஜனவரியில் வெளியான ‘ஹியூமன் ரிசோர்சஸ்’. சுமார் 100 நிமிடப் படம். கான்தேயின் மற்றப் படங்களுக்கெல்லாம் சாவி இதில்தான் இருக்கிறது.

அக்காலத்துச் சூழலைச் சிறிது தெரிந்துகொள்வது உதவும். அப்போதைய பிரெஞ்சு அரசு, வாரத்துக்கு 39 மணி நேரமாக இருந்த சட்டபூர்வ வேலை நேரத்தை 35 மணியாகக் குறைக்க 1998இல் சட்டம் கொண்டுவந்தது. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் அது நடைமுறைக்கு வந்தது 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதாவது நாடு முழுவதும் இதே பேச்சாக இருந்த வாரங்களில் படம் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் வந்து சேர்ந்தது.

பாரிசில் வணிக மேலாண்மை படிக்கும் ஃபிராங்க், தன் ஊர்த் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்குப் பயிற்சியாளனாக வருகிறான். அவனுடைய அப்பா அதே ஆலையில் முப்பது ஆண்டுகளாக இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி. புதிய வேலை நேரத்தைப் பற்றித் தொழிலாளர்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்கலாம் என்று, தொழிற்சங்கத்தைத் தாண்டி ஃபிராங்க் ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறான். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறான். ஆனால் நிர்வாகம் அதை எதற்குப் பயன்படுத்தியது என்பது, ஆட்குறைப்புப் பட்டியல் ஒன்று அவன் கண்ணில் படும்போதுதான் அவனுக்குப் புரிகிறது. அந்தப் பட்டியலில் அப்பாவின் பெயரும் இருக்கிறது.

படத்தை முதன்முறை பார்க்கும்போது கதையைப் பின்தொடருங்கள். இரண்டாம் முறை பார்க்க வாய்த்தால் ஆலையின் உணவுக்கூடத்தை மட்டும் கவனியுங்கள். பணிக்கு வந்த புதிதில் ஃபிராங்க் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறான். தொழிலாளர்கள் ஒரு பக்கம், நிர்வாகிகள் இன்னொரு பக்கம். எந்த மேசையில் உட்காருவது என்பது விதியாக எழுதப்படவில்லை. ஆனால் அங்குள்ள அனைவருக்கும் தெரியும். மகன் நிர்வாகிகளோடு உட்காருவதையே அப்பா விரும்புகிறார் என்பதுதான் அந்தக் காட்சியின் வலி. வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகும் அந்த அப்பா தம் இயந்திரத்தை விட்டு நகரமாட்டார். அப்போது மகன் எல்லோர் முன்னிலையிலும் கொட்டித் தீர்ப்பது நிர்வாகத்தின் மீதான கோபத்தை அன்று. தொழிலாளியின் மகனாக இருப்பதற்கான வெட்கத்தை அப்பாவே தனக்குள் ஊட்டி வளர்த்தார் என்ற குற்றச்சாட்டை. வர்க்கம் என்ற சொல்லைப் புத்தகத்தில் நூறு முறை படித்தவர்கூட அந்தக் காட்சியில் அது தம் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்பதைப் போல் உணர்வார்.

இந்தப் படம் உண்மையான தொழிற்சாலை ஒன்றில் எடுக்கப்பட்டது. ஃபிராங்காக நடித்த ஜாலில் லெஸ்பேரைத் தவிர மற்றவர்கள் ஏறக்குறைய அனைவரும் தொழில்முறை நடிகர் அல்லர். படத்தில் என்ன வேலை செய்கிறார்களோ அதற்கு நெருக்கமான வேலையை வாழ்க்கையிலும் செய்தவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களோடு பேசிப்பேசி வசனங்களைச் செதுக்கினார் கான்தே. இயந்திரத்தில் கைவைக்கும் விதத்தை நடிகருக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் மேலாளர் பக்கத்தில் வந்து நிற்கும்போது தோள் எப்படிச் சுருங்கும் என்பதை யாரும் கற்றுக்கொடுத்துவிட முடியாது. பிரான்சின் தேசியத் திரைவிருதான சேசாரில், முதல் படத்துக்கான விருது 2001இல் இதற்குக் கிடைத்தது. லெஸ்பேரும் புதுமுக நடிகருக்கான சேசாரைப் பெற்றார்.

படத்தின் இறுதியில் ஃபிராங்க் தன் தொழிலாளி நண்பனிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: உன் இடம் எங்கே? பதில் வருவதில்லை, படம் முடிந்துவிடுகிறது. இந்தக் கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த படங்களுக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: வேலை இல்லாதவனின் நாட்குறிப்பு

அடுத்து 2001ஆம் ஆண்டின் ‘டைம் அவுட்’. பிரெஞ்சுத் தலைப்புக்கு ‘நேர அட்டவணை’ என்று பொருள். ஆங்கிலத் தலைப்பைவிட அதுவே கூர்மையானது. ஏனெனில் கதைநாயகன் வேன்சானுக்கு வேலை போய்விட்டது. ஆனால் அதைக் குடும்பத்திடம் மறைத்து, ஒவ்வொரு நாளும் அலுவலகம் செல்வதுபோல் கிளம்பிப்போகிறான். காரிலேயே உறங்கி, நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பொழுதைக் கழித்து, மனைவிக்குத் தொலைபேசியில் ‘கூட்டம் நீண்டுவிட்டது’ என்று சொல்கிறான். பிறகு ஜெனீவாவில் ஐ.நா. அமைப்பொன்றில் புதிய பதவி கிடைத்திருப்பதாகக் கதைகட்டி, நண்பர்களிடம் முதலீடு என்ற பெயரில் பணமும் வாங்குகிறான்.

இதற்கு வித்து ஓர் உண்மைச் சம்பவம். பல ஆண்டுகளாக மருத்துவராக நடித்து வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், 1993 ஜனவரியில் தம் மனைவியையும் இரு குழந்தைகளையும் பெற்றோரையும் கொன்ற வழக்கு பிரான்சையே உலுக்கியது. கான்தேயும் கம்பியோவும் செய்த முக்கியமான முடிவு, அந்தக் கொலைகளைக் கதையிலிருந்து நீக்கியதுதான். கொலை இருந்திருந்தால் நாம் ஒரு கொடூரனைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்போம். கொலை இல்லாததால், சம்பள வேலை என்ற அடையாளம் இல்லாமல் தன் வீட்டிலேயே உட்கார இடமில்லாத மனிதன் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். அவனை நம்மிடமிருந்து தள்ளிவைக்க வழியில்லை.

கண்ணாடிச் சுவர்களைக் கொண்ட ஜெனீவா அலுவலகக் கட்டடத்துக்குள் அவன் கோப்பு ஏந்தி, நடைகூடங்களில் யாரோ தெரிந்தவர்போல் உலவும் காட்சியைத் தவறவிடாதீர்கள். ஒழுங்கான கோட்டும் நிதானமான நடையும் இருந்தால் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பது ஒருபுறம் சிரிப்பாகவும் மறுபுறம் திகிலாகவும் இருக்கிறது. படம் இரண்டேகால் மணி நேரம் ஓடும். வேகம் மிகக் குறைவு. அலுவலகத்திலிருந்து களைத்து வந்த இரவில் போட்டுவிடாதீர்கள். வேன்சானாக நடித்த ஒரேலியேன் ரெக்குவேங், பொய் சொல்லும் நேரங்களில்தான் முகமலர்ச்சியோடு இருக்கிறார். கடைசிக் காட்சியில் உண்மையான வேலைக்கான நேர்காணலில் அந்த முகம் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

நான்காம் படி: வகுப்பறை

இப்போது ‘தி கிளாஸ்’ படத்துக்கு வரலாம். தேடும்போது ஓர் எச்சரிக்கை: 2007இல் வந்த எஸ்தோனியப் படம் ஒன்றுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். நமக்கு வேண்டியது 2008ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் படம். அதன் மூலத் தலைப்புக்குச் ‘சுவர்களுக்கு நடுவே’ என்று பொருள். தமிழ் வாசகர் பலருக்குக் கான் திரைவிழாவின் தங்கப் பனை விருது என்றால், ஷோபாசக்தி நடித்து 2015இல் அவ்விருதை வென்ற ‘தீபன்’ நினைவுக்கு வரும். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, ஷான் பென் தலைமையிலான நடுவர் குழு இந்தப் படத்துக்கு அதே விருதை அளித்தது. பிரெஞ்சுப் படம் ஒன்று தங்கப் பனை வாங்கியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை. விருது அறிவித்ததும் மேடையில் ஏறியது இயக்குநர் மட்டுமல்லர். படத்தில் நடித்த பள்ளிப் பிள்ளைகளும் கூட்டமாக ஏறி நின்றார்கள்.

பாரிசின் 20ஆம் வட்டாரப் பள்ளி ஒன்றில், ஒரு பிரெஞ்சு மொழி ஆசிரியரின் ஒரு கல்வியாண்டுதான் கதை. தம் ஆசிரியப் பணி அனுபவத்தை வைத்து நாவல் எழுதிய ஃபிரான்சுவா பெகோதோ, அந்த ஆசிரியராகத் தாமே நடித்தார். பிள்ளைகள் அந்த வட்டாரத்துப் பள்ளி மாணவர்களே. ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் புதன்கிழமைப் பிற்பகலில் பட்டறை நடத்தி, விருப்பமுள்ளவர்கள் வரட்டும், விலகுகிறவர்கள் விலகட்டும் என்று விட்டு, இறுதிவரை நிலைத்த இருபத்தைந்து பேர் அளவிலான கூட்டத்தை வைத்துப் படம் எடுத்தார் கான்தே. வகுப்பறைக்குள் ஒரே நேரத்தில் மூன்று கேமராக்கள் ஓடின: ஒன்று ஆசிரியர்மீது, ஒன்று அந்தக் காட்சியில் பேசவேண்டிய மாணவர்மீது, மூன்றாவது எதிர்பாராமல் நடப்பதைப் பிடிப்பதற்காக. தலையை மேசையில் சாய்த்திருக்கும் சிறுவன், பின்னலைத் திருகும் சிறுமி எனப் படத்தின் உயிர்ப்பெல்லாம் அந்த மூன்றாவது கேமராவிலிருந்து வந்ததோ என்று நினைக்கவைக்கும்.

ஒரு காட்சியைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ‘சுவையான’ என்ற பொருள் தரும் ஒரு பிரெஞ்சுச் சொல்லை விளக்க, பில் என்பவன் சீஸ்பர்கர் தின்பதாக ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதுகிறார். உடனே இரண்டு சிறுமிகள் மறிக்கிறார்கள்: எடுத்துக்காட்டில் ஏன் எப்போதும் பில் போன்ற பெயர்களே வருகின்றன, எங்கள் பெயர் போன்ற பெயர் ஏன் வருவதில்லை? ஆசிரியர் நகைச்சுவையாகச் சமாளிக்கப் பார்க்கிறார். சரி, நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள் என்று இறங்கியும் வருகிறார். குடியேற்றம், இனம், குடியரசு என்று நூல்கள் விரித்துரைக்கும் விவகாரம் முழுவதும், ஓர் இலக்கண எடுத்துக்காட்டின் எழுவாயில் வந்து நின்றுவிடுகிறது. மாணவர்கள் அடாவடி செய்கிறார்களா, நியாயம் கேட்கிறார்களா என்று உறுதியாகச் சொல்லமுடியாதபடி காட்சியை வைத்திருப்பதுதான் கான்தேயின் கைத்திறன், இரண்டுமே உண்மை.

இங்கே தமிழருக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சில் ‘தூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். ஆங்கிலத் துணைத்தலைப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், மாலி நாட்டுக் குடும்பத்துப் பையன் சுலைமான் ஆசிரியரை ஒருமையில் விளிக்கும்போது நிலைமை ஏன் திடீரென்று தீவிரமாகிறது என்பது ஆங்கிலம் வழியே மட்டும் பார்ப்பவருக்கு முழுமையாக எட்டாது. வாத்தியாரை ‘நீ’ என்று சொன்னால் வகுப்பு எப்படி உறைந்துபோகும் என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே துணைத்தலைப்பைப் படித்தபடியே காதை ‘தூ’வுக்கும் ‘வூ’வுக்கும் திறந்து வையுங்கள். ஆசிரியரே இரண்டு மாணவிகளைப் பற்றி ஓர் இழிசொல்லை வாய்தவறி விட்டுவிடுகிறார் என்பதையும், அதன் விளைவை யார் சுமக்கிறார் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடும்போது சுலைமானின் தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. தன்னைப் பள்ளியிலிருந்து நீக்கும் கூட்டத்தில் தாய் தனக்காகப் பேசுவதை அவனே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

முடிவுக்குச் சற்று முன், கல்வியாண்டின் கடைசி நாளில், படம் முழுவதும் வாய்திறக்காத ஒரு மாணவி ஆசிரியரிடம் தனியே வந்து, இந்த ஆண்டு நான் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை என்கிறாள். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, வெறும் தகவலாக. என்னைக் கேட்டால், உரத்த சண்டைகளைவிட அந்த அரை நிமிடமே படத்தின் மிகக் கனமான காட்சி.

ஐந்தாம் படி: படத்துக்கு வெளியே நின்ற கான்தே

இந்த இடத்தில் சிறிது நிறுத்தி, அவர் பொதுவாழ்வில் செய்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘தி கிளாஸ்’ படத்தில் சீன மாணவன் ஒருவனின் தாயை நாடுகடத்தப்போகிறார்கள் என்ற செய்தி ஆசிரியர் அறைக்கு வருகிறது. அது கதைக்காகச் சேர்த்த அலங்காரம் அன்று. அந்த ஆண்டுகளில், ஆவணங்கள் இல்லாத குடியேறிகளுக்கு ஆதரவாகப் பிரெஞ்சுத் திரைக்கலைஞர்கள் அமைத்த கூட்டமைப்பில் கான்தே முன்நின்றவர். ஆவணமற்ற குடும்பங்களின் பிள்ளைகள் பேசும் குறும்படம் 2007இலும், ஆவணமற்ற தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஆதரிக்கும் குறும்படம் 2010இலும் அந்தக் கூட்டு முயற்சியில் வந்தன. பாஸ்கால் ஃபெரான், செட்ரிக் க்ளாபிஷ் ஆகிய இயக்குநர்களுடன் சேர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் சிறந்த படங்களை இயக்குநர்களே பரிந்துரைக்கும் ‘லா சினெதெக்’ என்ற இணையத் திரையரங்கை 2015இல் தொடங்கியவரும் அவரே.

ஆறாம் படி: எவற்றைத் தள்ளிவைக்கலாம்

எல்லாப் படங்களும் ஒரே தரத்தவை அல்ல. 2005ஆம் ஆண்டின் ‘ஹெடிங் சவுத்’, 1970களின் பிற்பகுதியில், துவாலியேயின் சர்வாதிகார ஆட்சியின் கீழிருந்த ஹைட்டியில், உள்ளூர் இளைஞர்களின் துணையை நாடி வரும் நடுவயது வெள்ளைப் பெண்களைப் பற்றியது. ஹைட்டியில் பிறந்த எழுத்தாளர் டனி லஃபெரியேரின் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. சார்லட் ராம்ப்ளிங்கின் நடிப்புக்காகவும், இரக்கமும் சுரண்டலும் ஒரே படுக்கையில் கிடப்பதைக் காட்டும் துணிவுக்காகவும் பார்க்கலாம். பெண்கள் கேமராவை நோக்கி நேராகப் பேசுகிறார்கள், ஆனால் அந்த இளைஞன் லெக்பாவுக்கு மட்டும் அப்படிப் பேசும் வாய்ப்புத் தரப்படவில்லை என்பதை நீங்களே கண்டுபிடித்தால், நம் காகிதத்துக் கேள்வி நினைவுக்கு வந்துவிடும்.

ஜாய்ஸ் கேரல் ஓட்ஸின் நாவலிலிருந்து 2012இல் எடுத்த ‘ஃபாக்ஸ்ஃபயர்’ நீளம் கூடியது. 1950களின் அமெரிக்கச் சிறுநகரத்துப் பெண்பிள்ளைகளின் குழுவைப் பற்றிய படம். தேடும்போது, அதே நாவலிலிருந்து ஆஞ்சலினா ஜோலி நடித்து 1996இல் வந்த படத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹவானாவின் ஒரு மொட்டைமாடியில் ஐந்து பழைய நண்பர்கள் இரவு முழுவதும் பேசும் ‘ரிட்டர்ன் டு இதாகா’, கியூப எழுத்தாளர் லியோனார்தோ பதூராவோடு சேர்ந்து எழுதப்பட்டது. கனவு கலைந்த இடதுசாரிகளின் வாக்குவாதங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பிடிக்கும், மற்றவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: லா சியோத்தா

தள்ளிவைக்கக் கூடாதது 2017ஆம் ஆண்டின் ‘தி வொர்க்‌ஷாப்’. மார்செய் நகருக்கு அருகிலுள்ள லா சியோத்தா, சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் ரயில் வந்து நிற்பதைப் படம்பிடித்த ஊர். பின்னர் கப்பல் கட்டும் ஊராக வாழ்ந்து, 1980களின் இறுதியில் தளம் மூடப்பட்டதும் உல்லாசப் படகுகளைப் பழுதுபார்க்கும் ஊராக மாறியது. அங்கே கோடைக்காலத்தில், பாரிசிலிருந்து வந்த நாவலாசிரியை ஒருவர், ஊர் இளைஞர்களைக் கூட்டி ஒரு குற்ற நாவல் எழுதவைக்கிறார். தளத்தின் வரலாறு அந்த இளைஞர்களில் சிலருக்குத் தாத்தாவின் கதை, சிலருக்கு வெறும் அலுப்பு. அந்துவான் என்ற பையன் மட்டும் படுகொலை ஒன்றைக் கொலைகாரனின் கண்ணில் நின்று அச்சமூட்டும் தெளிவோடு எழுதிக்கொண்டு வருகிறான்; இரவில் தீவிர வலதுசாரிகளின் காணொளிகளைப் பார்ப்பவன் அவன். ‘ஹியூமன் ரிசோர்சஸ்’ படத்து ஆலைகள் மூடப்பட்டால் அங்கே வளரும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதற்கான தொடர்ச்சியாக இதைப் பார்க்கலாம்.

2021ஆம் ஆண்டின் ‘ஆர்தர் ராம்போ’, புறநகரிலிருந்து எழுந்துவந்த இளம் எழுத்தாளன் ஒருவனின் பழைய வெறுப்புப் பதிவுகள், அவன் நூல் கொண்டாடப்படும் இரவிலேயே வெளியாவதைச் சொல்கிறது. ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத இறுக்கமான படம்.

இறுதியாக ‘என்ஸோ’. கான்தே எழுதித் தயாரித்துக்கொண்டிருந்தபோதே நோய் முற்றிவிட்டது. அவர் மறைவுக்குப் பின் ரொபேன் கம்பியோ படத்தை இயக்கி முடித்தார். ‘லொரான் கான்தேயின் படம், இயக்கம் ரொபேன் கம்பியோ’ என்ற வரியோடு 2025 மே மாதம் கானில் இயக்குநர்களின் இருவாரப் பிரிவைத் தொடங்கிவைத்தது. மீண்டும் லா சியோத்தா. வசதியான குடும்பத்துப் பையன் என்ஸோ, பதினாறு வயதில், படிப்பை உதறிவிட்டுக் கொத்தனார் வேலை பழகுகிறான். வேலை சரியில்லை என்று பெற்றோரிடம் பேசுவதற்காக மேற்பார்வையாளர் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார். கடலைப் பார்த்த மாளிகையும் நீச்சல்குளமும் கண்ணில் பட்டதும், கண்டிக்க வந்தவருக்கு எந்தத் தொனியில் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தக் காட்சியில் நிறுத்தி, தட்டோடு நின்ற ஃபிராங்கை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு மேலே தொடருங்கள்.